பூ வைக்கும் முன்

வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆனால் மொட்டு வெயிலைக் கேட்டுக்கொண்டா விம்முகிறது, அதற்கென்று ஒரு பொழுது இருக்கிறது, அந்தப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கை வைத்துவிட வேண்டும், பிந்தினால் செடியிலேயே வாய் திறந்துவிடும், வாய் திறந்த மல்லிகையை நாரில் கட்டினால் தலை நிற்காது. சண்முகவடிவு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். பாளையங்கோட்டையில் அவள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில், ஒரு காரைக்கூட நிறுத்த முடியாத இடம். அதில் இரண்டு மூடு மல்லிகைச் செடி, சுவரில் ஏறிய பிச்சி, ஓரத்தில் கனகாம்பரம், குளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கம் செம்பருத்தியும் நந்தியாவட்டையும், இவ்வளவுதான். ஆனால் வைகாசி பிறந்துவிட்டால் இந்த இவ்வளவும் சேர்ந்து போடுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும், தெருவில் போகிறவர்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாற்பத்திரண்டு வயதில் வடிவுக்கு மற்றவர்கள் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் பாக்கியில்லை. இன்றைக்குச் சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து நயினாரும் அவருடைய அக்காவும் பூ வைக்க வருகிறார்கள். அக்கா கையால் இவள் தலையில் பூ ஏறிவிட்டால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, பிறகு கல்யாணம் என்பது மண்டபம் பார்க்கிற வேலைதான். அதற்கு முன்னால் அவள் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன், நீங்கள் இங்கே வந்து இருங்கள். அவ்வளவுதான், ஒரு மூச்சில் முடிந்துவிடும், சொல்லிவிடுவாள், சொல்லாமல் என்ன, வடிவுக்கு வாயில்லை என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. மொட்டோடு சேர்ந்து ஒரு இலையும் கையில் வந்தது. சீ என்று இலையைத் தட்டிவிட்டாள்.

"வடிவு, அதெல்லாம் தாம்பாளத்துல வைக்கத்தான பறிக்க?" என்று அடுக்களை ஜன்னலிலிருந்து அமுதா மயினி கேட்டாள். அண்ணன் பெண்டாட்டி. அண்ணனோடு மதுரையிலிருந்து நேற்றே வந்துவிட்டாள், வந்ததிலிருந்து கேசரிக்கு ரவை வறுத்தபடியே வீட்டை ஆண்டுகொண்டிருக்கிறாள். "தலைக்குத்தான் மயினி" என்றாள் வடிவு. "தலைக்கா? நல்லா வச்ச போ. இன்னைக்கு நம்ம பூவ நம்ம வைக்கப்பிடாது. வெறுந்தலையா வந்து உக்காரணும். அவிய கொண்டாற பூவத்தான் மொதல்ல வைக்கணும். இதுகூடத் தெரியாதா ஒனக்கு?" கை செடியிலேயே நின்றுவிட்டது. தெரியாதா. எத்தனை வீட்டில் பூ வைக்கும்போது தாம்பாளம் ஏந்தி நின்றிருக்கிறாள், சித்தி மகள்கள், கூட வேலை பார்க்கிறவர்கள், எதிர்வீட்டுப் பிள்ளை, ஒருத்தி தலையிலாவது முன்கூட்டியே பூ இருந்ததா, இல்லை, எண்ணெய் மினுங்கும் வெறும் சடைதான், அந்தச் சடையை இவள் கையாலேயே பின்னிவிட்டிருக்கிறாள். பார்த்தது கண்ணில் இருக்கிறது, நமக்கும் அப்படித்தான் என்று மனசு எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது எதற்கு என்று விட்டுவிட்டது. சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கண்ணும் கரித்தது, அது வெயிலாகக்கூட இருக்கலாம், இல்லை, வெயில் இல்லை, ஏமாற்றம்தான். ஏனென்றால் இந்தப் பூ இந்த வருஷம் தானாகப் பூத்த பூ இல்லை. மார்கழியில் கிளையை நறுக்கி, இலையை உருவிவிட்டு, தண்ணீரையும் நிறுத்திப் போட்டால், மல்லிகை அரண்டுபோய்ப் பங்குனியிலேயே பூத்துத் தள்ளும், ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் செய்வாள். இந்தத் தடவை கார்த்திகையில் இந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சித்திரையில் தலைத்திவசம், அது கழிந்து வைகாசியில் பூ வைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். மார்கழியில் கத்தரியை எடுத்துக்கொண்டு செடிக்கிட்டே போனவள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். மாசி முடிகிற வரைக்கும் தொடவே இல்லை, அதற்குப் பிறகுதான் நறுக்கினாள். பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று, ஒன்வீட்டு மல்லிக்கு என்ன நோக்காடு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், தண்ணி பத்தலக்கா என்று கூசாமல் பொய் சொன்னாள். யாரிடமும் நிஜத்தைச் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. சம்மதமா என்று அண்ணன் போனில் கேட்டபோது பார்க்கலாம் என்றாள், ஆனால் கத்தரி அதற்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டது. இப்போது இரண்டு மூடும் வெள்ளை வெளேர் என்று நிற்கின்றன, இவள் வெறுந்தலையோடு போய் உட்கார வேண்டும். நல்ல கூத்து.

அவரைப் பிடித்திருக்கிறது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஒளித்து என்ன ஆகப்போகிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் முதல் தடவை பார்த்தபோது, எல்லோரும் என்ன பேசுவது என்று காபியைப் பார்த்துக்கொண்டிருக்க, நயினார் மட்டும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்து, பேரிங் போச்சு, என்று சத்தமில்லாமல் முணுமுணுத்தார். கோவில்பட்டியில் பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். இவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள், அவர் வெட்கப்பட்டு முன்வழுக்கையைத் தடவிக்கொண்டார், அந்தத் தடவலில்தான் மனசு விழுந்தது, ஆள் அழகன் என்று சொல்ல முடியாது, ஆனால் வெட்கப்படத் தெரிந்த ஆம்பிளை. பிறகு வாரத்துக்கு ஒரு போன். பேச்சுக்கு நடுவில் நிறுத்திவிடுவார், லைன் போய்விட்டதோ என்று இவள் நினைக்கும்போது யோசித்த பதிலோடு திரும்பி வருவார். இவளுடைய வேலை கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, நாள் பூராவும் எதிரே இருக்கிறவர்களிடம், இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா, என்று கேட்டு அவர்கள் அவசரப்பட்டுச் சொல்கிற பதிலை நம்பாமல் திரும்பக் கேட்பது. அவசரப்படாத ஒருத்தரை அவளுக்குப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மனுஷர்தான் போன மாதம் ஒருநாள் சொன்னார், "தோட்டத்த விட்டுட்டு வரணுமேன்னு வெசனப்படாதீய. எங்க வீட்டுக்குப் பின்னால சுத்தமா தளம் போட்ட இடம் கெடக்கு. தொட்டியா வாங்கி அடுக்கிருவோம். ஒங்க வீட்ல நிக்க செடியத் தோண்டி லோடு ஆட்டோல ஏத்திட்டு வந்திரலாம்." எவ்வளவு பிரியமாகச் சொன்னார். அந்தப் பிரியத்தில்தான் வந்தது வினை. தளம் போட்ட இடம், வெயிலில் சிமெண்டு கொதிக்கும், அதன்மேல் தொட்டி, தொட்டிக்குள் ஒரு சாண் மண், அதற்குள் இந்த மல்லிகை. இதன் வேர் கிணற்றங்கரை வரைக்கும் போயிருக்கிறது, பூத்துக்கொண்டிருக்கும்போது தோண்டினால் ஒரு வாரத்தில் பட்டுப்போகும், பூக்காதபோது தோண்டினாலும் இந்த வயசு மூடு பிழைக்காது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயைத் திறந்தவள், அங்க மழ பெஞ்சுதா, என்று கேட்டாள். சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் மழை பெய்ததா என்று கேட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அவரும் யோசித்து, இல்லையே, என்றார் பாவம்.

செடி மட்டும்தான் காரணமா என்று யாராவது கேட்டால், கேட்க வேண்டாம், அவளே கேட்டுக்கொள்கிறாள், கேட்டபடியே பிச்சிப் பக்கம் நகர்ந்தாள். பிச்சி மொட்டுக்கு முதுகில் வெளிறிய சிவப்பு ஓடும், விரிந்தால் முழு வெள்ளை. செடி மட்டும் இல்லை. இந்த வீட்டில் எந்த ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அப்பாவும் அம்மாவும் போன பிறகு சாத்துவது அவள், திறப்பது அவள். யாருடைய அடுக்களையிலாவது போய் உப்பு ஜாடி எங்கே என்று நாற்பத்திரண்டு வயதில் கேட்டுக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. இதைத் திமிர் என்பார்கள். திமிராகவே இருக்கட்டும், இருபத்தைந்தில் இது இல்லை, அன்றைக்கு யாராவது பூ வைத்திருந்தால் எந்த ஊர் என்று கேட்காமல் பெட்டியைத் தூக்கியிருப்பாள். ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒருவர், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது பயந்துபோய் ஒருவர், கறுப்பு என்று வாய்விட்டே சொன்ன ஒருவர், எல்லோரும் வந்த வழியே போனார்கள், அப்போது அழுதது உண்மை, அழுது முடித்ததும் உண்மை. கிணற்றடி மூலையில் மே மாதப் பூ ஒன்று நின்றது, இலை ஒன்றுகூட இல்லாத தண்டின் மேல் கைக்குழந்தை தலை அளவுக்குச் சிவப்புப் பந்து. வருஷம் பூராவும் கிழங்காக மண்ணுக்குள் கிடந்துவிட்டு இந்த ஒரு மாதம் மட்டும் தலைகாட்டும். காலையில் மயினி இதைப் பார்த்துவிட்டு, ஒன்ன மாதியே பிந்திப் பூத்திருக்கு பாரு, என்றாள், பிரியமாகத்தான் சொன்னாள், ஆனால் வடிவுக்குச் சுருக்கென்றது. பிந்தி என்று யார் சொன்னது. அது மே மாதத்தில் பூக்கிற பூ, மே மாதத்தில் பூத்திருக்கிறது. மாசியில் பூக்கவில்லையே என்று அதைப் பார்த்து யாராவது உச்சுக்கொட்டினால் அது அவர்கள் கோளாறு. இதை மயினியிடம் சொல்லவில்லை. கேசரி அடிப்பிடித்துவிடும்.

"கயத்தாறு தாண்டிட்டாவளாம். ஒங்கண்ணனுக்குப் போன் வந்திச்சு" என்று மயினி புறவாசலுக்கே வந்துவிட்டாள், கையில் கரண்டியோடு. "பறிச்சது போதும், சேலையக் கெட்டு. அப்புறம் ஒரு விசயம், அவிய அக்கா ஒன்கிட்ட மாறுதல் பத்திக் கேட்டா, விட்டத்தப் பாத்து முழிக்காத. சரின்னு சொல்லிரு." என்ன மாறுதல் என்றாள் வடிவு. "கோவில்பட்டியிலயும் ஒங்க ஆஸ்பத்திரி இருக்குல்லா, அங்க மாத்திக்கிடுவான்னு ஒங்கண்ணன் அப்பவே சொல்லிட்டாவ. அதுக்கப்புறந்தான் அவியளும் சரின்னாவ. இந்த வீட்டக்கூட வாடகைக்கு விட்டிரலாம்னு பேச்சு." அடுப்பில் ஏதோ பொங்கியது, மயினி ஓடினாள். வடிவு கிணற்றுத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் மொட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. அப்பவே என்றால் எப்பவே, கார்த்திகையிலா, அவள் கத்தரியை வைத்த அன்றைக்கா, இந்தச் செடிக்குள் மொட்டு பிடிக்கும்போதெல்லாம் அந்த வாக்கு கோவில்பட்டியில் இருந்திருக்கிறது, அவர் போனில் பேசும்போது, யோசித்து யோசித்துப் பேசும்போது, இவள் வந்துவிடுவாள் என்று நம்பித்தான் யோசித்திருக்கிறார், தொட்டி வாங்கக்கூடச் சொல்லியிருப்பார். அண்ணனைக் கோபிக்க முடியவில்லை. பெண்ணுக்கு அண்ணன் பேசுகிறான், பெண் புறப்பட்டுப் போவாள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான், எந்த அண்ணனும் அப்படித்தான் நினைப்பான். பயம் வந்தது, நிஜமான பயம். இதுவரை அவள் சொல்ல வைத்திருந்த பேச்சு ஒரு வேண்டுகோளாக இருந்தது, இப்போது அது கொடுத்த வாக்கைப் பிடுங்குவதாக ஆகிவிட்டது. சொன்னால் அவர் எழுந்து போய்விடலாம். போனால் வாரத்துக்கு ஒரு போன் வராது. அதுதான், வேறு ஒன்றும் இல்லை, ஊர் பேசுவதை அவள் பார்த்துக்கொள்வாள், ஆனால் அந்தப் போன் வராது. சொல்லாவிட்டால் போன் வர வேண்டியதே இல்லை, பக்கத்திலேயே இருப்பார், இவள் தளம் போட்ட புறவாசலில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருப்பாள், நன்றாகத்தான் வைத்துக்கொள்வார், சந்தேகமே இல்லை, இவள் பாளையங்கோட்டைத் திசையை ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவருக்குப் புரியாது, அவ்வளவுதான்.

சரி, இப்போதே போனில் சொல்லிவிடலாம், கார் கங்கைகொண்டானைத் தாண்டுவதற்குள். சொன்னால் வண்டியைத் திருப்பிவிடுவார்கள், வாசல் வரைக்கும் வந்து திரும்புகிற அவமானமாவது அவருக்கு இல்லாமல் போகும். இல்லை, அது கோழைத்தனம், முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். தனியாகச் சொன்னால் சமாதானப்படுத்துவார், நிறுத்தி நிறுத்தி மெதுவாகப் பேசுவார், இவள் மழையைப் பற்றிக் கேட்டுவிடுவாள். அண்ணனை விட்டுச் சொல்லச் சொல்லலாம், அண்ணன் தலையிலடித்துக்கொள்வான். கல்யாணம் முடிந்து மெல்ல மெல்லச் சொல்லலாம், வேண்டாம், மெல்ல மெல்லச் சொல்லப் பார்த்துச் சொல்லாமலே போனவர்கள் எத்தனை பேர், ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, எது தெளிவு என்று கேட்டால் ஒங்களுக்கு எது சரின்னு படுதோ அதுவே போடுங்க என்கிற பெண்களை அவள் தினம் பார்க்கிறாள், கண்ணு உங்களோடதும்மா என்று சத்தம் போட்டிருக்கிறாள். அங்கே சத்தம் போடத் தெரிந்ததல்லவா. மடியில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். நாரை நனைத்து, தொடைமேல் போட்டு, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, இழுப்பு, கை தன்பாட்டுக்கு ஓடியது, கை ஓட ஓடப் பயம் இறங்கியது. பிடித்திருக்கிறது, ஆனாலும் இங்கே இருக்க வேண்டும். இரண்டும் அவளுடைய ஆசைதான், ஒன்றுக்காக ஒன்றை ஏன் வெட்ட வேண்டும், வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டுகிறவர் அவராக இருக்கட்டும், அவளாக வெட்டிக்கொடுக்க மாட்டாள். கேட்டால் என்ன, இத்தனை காலம் ஊரெல்லாம் பெண்ணைப் பார்த்து வந்துவிடு என்று கூசாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறதே. எல்லோர் முன்னாலும் சொல்வாள். பூ கையில் இருக்கும்போது சொல்வாள், தலைக்கு வருவதற்குள். முடிச்சுப் போட்டுப் பல்லால் நாரைக் கடித்தாள். கட்டின சரத்தை ஈரத் துணியில் சுற்றிப் படிமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள், தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டாள், பாடக்கூடச் செய்தாள், மயினி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்து, தாம்பாளங்கள் வைத்து, பழம் வெற்றிலை எல்லாம் அதனதன் இடத்தில். நயினார் வெள்ளைச் சட்டையில் இன்னும் கொஞ்சம் வழுக்கையாகத் தெரிந்தார், இவளைப் பார்த்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவிட்ச் போர்டைப் பார்த்தார். அவருடைய அக்கா பேச்சியம்மாள் ஆகிருதியான பெண், அம்மா போன பிறகு வீட்டுக்கு அவள்தான் எல்லாம், உட்காரும்போதே, "மாறுதலுக்கு எளுதிக் குடுத்தாச்சா?" என்று அண்ணனைக் கேட்டாள், அண்ணன், ஆமா ஆமா, ஆயிரும், என்றான். வடிவு வெறுந்தலையோடு பாயில் உட்கார்ந்தாள். கழுத்துக்குப் பின்னால் ஈரம் காயவில்லை. நெற்றியில் சந்தனம் வந்தது, இப்போது சொல்லலாம், சந்தனம் முடியட்டும், குங்குமம் வந்தது, முடியட்டும், இத்தனை நாளும் ஒரு மூச்சில் முடியும் என்று நினைத்திருந்த பேச்சு, முதல் வார்த்தை என்ன, நான் என்றா, நீங்கள் என்றா, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் காதுக்குப் பின்னால் கேட்டது, வாசனை வந்தது, வாங்கின மல்லிகை, நல்ல மல்லிகைதான், குறை சொல்வதற்கில்லை, பேச்சியம்மாளின் வளையல் இவள் காதருகே வந்தது.

"அக்கா, ஒரு நிமிசம்."

வளையல் நின்றது. வடிவு பாயிலேயே பாதி திரும்பினாள். "பூ வைக்கதுக்கு முன்னால சொல்லிருதேன். எங்கண்ணன் சொன்னது எனக்குத் தெரியாது. நான் மாறுதல் கேக்கல, கேக்கப்போறதும் இல்ல. இந்த வீட்லதான் இருப்பேன். எனக்கு அவியளப் பிடிச்சிருக்கு. அவிய இங்க வந்து என்கூட இருக்கதா இருந்தா வைங்க. இல்லன்னா வேண்டாம்." மயினி கையில் காபித் தட்டு அப்படியே நின்றது. "ஏ வடிவு, என்ன பேசுத?" என்று அண்ணன் எழுந்தான், எழுந்தவன் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். பேச்சியம்மாளின் முகம் கறுத்துவிட்டது. "வீட்டோட மாப்பிள்ளையால்லா கேக்கா! நல்லாருக்கே நாயம்" என்றவள் பூவை உயரத் தூக்கிக் காட்டினாள். "அப்படின்னா இத இவன் தலையிலதான் வைக்கணும்." அது சிரிக்கச் சொன்னதில்லை, சுடச் சொன்னது, நயினாரின் காது இரண்டும் சிவந்தன. போயிற்று என்று வடிவுக்குத் தோன்றியது, எழுந்து போகப் போகிறார், போனால் போகட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை, போகக் கூடாது என்றுதான் நினைத்தாள், அப்படி நினைத்துக்கொண்டே கண்ணைத் தாழ்த்தாமல் அவரையே பார்த்தாள். அவர் யோசித்தார். எல்லோர் முன்னாலும், யாரைப் பற்றியும் கவலைப்படாமல், போனில் யோசிப்பது போலவே யோசித்தார்.

"காலைல இங்கருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸுல உக்காந்து போவ எடம் கெடைக்குமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

"கெ... கெடைக்கும். புது பஸ் ஸ்டாண்டுல ஏறுனா கெடைக்கும்" என்றான் அண்ணன், அவனை அறியாமலே.

நயினார் எழுந்து வந்து பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரிக்கா, வையி" என்று அக்காவுக்கு முன்னால் தலையைக் குனிந்தார். "முடி கம்மியா இருக்கு. பாத்து வையி."

பேச்சியம்மாளுக்குக் கை வரவில்லை. பூவும் கையுமாக நின்றாள். வடிவு எழுந்து போய் அந்தச் சரத்தை அவளிடமிருந்து வாங்கி, குனிந்திருந்த நயினாரின் தலைப் பக்கம் திரும்பினாள்.